எட்டு மணிக்கு எந்த நாடகம்?

வீட்டில் டிவி ஒன்றுதான். பிள்ளைகளின் பள்ளிப்பாடம் முடிந்து, வேலைக்குப் போனவர்கள் நெரிசலைத் தாண்டி வந்து, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும். விடியும் முன்னே எழுந்து பள்ளி வேனைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் ஒன்பதரைக்குள் படுக்க வேண்டும். ஆக, குடும்பமாகப் பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் எந்த நாடகத்தைப் போடுவது? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இது தினசரிச் சச்சரவு. கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் வந்தால், "யாருக்காகக் கட்டுகிறோம், என்னத்தைப் பார்க்கிறோம்?" என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, கல்யாணமாகிக் கோலாலம்பூரின் செந்தூலுக்கு வந்த அம்மா. நானும் என் கணவரும். இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கும் மகள், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் இருக்கும் மகன். எங்கள் முன் இருந்தவை நான்கு: சென்னையிலிருந்து தினமும் வரும் நெடுந்தொடர், யூடியூபில் கிடைக்கும் பழைய தொடர், நம் நாட்டில் எடுக்கப்படும் உள்ளூர் நாடகம், செயலிகளில் வரும் குறுந்தொடர். எல்லாவற்றையும் கொஞ்ச காலம் பார்த்து, உறவிலும் அக்கம்பக்கத்திலும் பேசிப் பார்த்த பிறகு நான் வந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு உள்ளூர் நாடகம். சனிக்கிழமை பழைய வாரத் தொடர். நெடுந்தொடர் ஒன்றே ஒன்று, அதுவும் பகலில், அம்மாவுக்காக.

எந்த விருந்திலும் யாராவது ஒருவர் ஆரம்பிக்கும் பேச்சு ஒன்று உண்டு. "அந்தக் காலத்து நாடகம் மாதிரி இப்போ வருமா?" பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தி இதைச் சொல்லாத பெருநாளே இல்லை. அவருக்கு 'மெட்டி ஒலி'தான் நாடகம். தாயில்லாத ஐந்து மகள்களைக் கரையேற்றப் பாடுபடும் அப்பா சிதம்பரமாக டெல்லி குமார் நடித்ததை இன்றும் கண் கலங்கச் சொல்வார். அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஐந்து பெண் பிள்ளைகளோடு பிறந்தவர் அவர். ஆனால் 'அந்தக் காலம்' என்று நாம் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் எதைத் தேர்வு செய்வது என்று தெரியும்.

'சித்தி' தொடர் தொடங்கியது 1999-இல். 'மெட்டி ஒலி' 2002-இல் தொடங்கி 800 பாகங்களைத் தாண்டி ஓடியது. தேவயானி அபியாக நடித்த 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009-இல்தான் முடிந்தது. மொத்தம் 1,533 பாகங்கள். ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறாம் ஆண்டு முடிக்கும் காலம் அது. அப்படியென்றால் இழுப்பு இன்று வந்த நோய் இல்லை. நம் நினைவில் நிற்கும் பொற்காலத்திலேயே அது முழு வடிவத்தில் இருந்தது. உண்மையில் கோடு விழுவது பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் இல்லை. முடிவு தெரிந்து எழுதப்பட்ட கதை ஒரு பக்கம், முடிவு தெரியாமல் நாளுக்கு நாள் எழுதப்படும் கதை இன்னொரு பக்கம். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குத் தேர்வு சுலபமாகிவிட்டது.

தினத்தொடர் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கு ஒரு பாகம் வேண்டும், அடுத்த நாளைக்கும் வேண்டும். முன்பு திங்கள் முதல் வெள்ளி வரை வந்தவை பிறகு சனிக்கிழமையையும் எடுத்துக்கொண்டன. பார்வையாளர் எண்ணிக்கை ஏறினால் கதையை நீட்டுவார்கள், இறங்கினால் வில்லி திடீரென்று திருந்துவாள் அல்லது நேரத்தை மாற்றுவார்கள். இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே கல்யாண மண்டபத்தில் சந்திக்க வைத்து 'மகா சங்கமம்' என்பார்கள். நடிகர் விலகினால் அதே பாத்திரத்தில் வேறு முகம். எழுதுபவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த எழுத்தாளராக இருந்தாலும் எங்கே போய் நிற்கப்போகிறோம் என்று தெரியாமல் ஆயிரம் நாள் எழுதினால் பாத்திரங்கள் தடம் மாறத்தான் செய்யும்.

அப்படியும் அந்தத் தொடர்களைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராததற்குக் காரணம் அம்மா. பகல் முழுதும் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் தனியாக இருக்கிறவருக்கு, தினமும் தவறாமல் வந்து போகும் அந்த மனிதர்கள் ஒரு துணை. அதோடு, நல்ல தினத்தொடர்கள் பேச வேண்டியதைப் பேசியும் இருக்கின்றன. 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்', படித்த மருமகள்களை அடுப்படிக்குள் அடைக்கும் ஒரு வீட்டைக் காட்டியது. ஆதி குணசேகரன் என்ற அந்த மூத்த அண்ணனாக மாரிமுத்து நடித்தார். 2023 செப்டம்பரில் அவர் திடீரென்று இறந்தபோது எங்கள் மாடியில் இருந்த பெண்கள் நடைபாதையில் நின்று அதைப் பற்றியே பேசினார்கள். திரையில் அவரைத் தினமும் திட்டியவர்கள்தான் அத்தனை வருத்தப்பட்டார்கள். அந்த அளவுக்கு அவர் அந்தப் பாத்திரத்தை உண்மையாக்கியிருந்தார்.

அந்த நாடகம் ஓடிய காலத்தில் ஒருநாள் மகள் கேட்டாள். "பாட்டி, இந்த மருமகளுங்க எல்லாம் படிச்சவங்கதானே, ஏன் வெளியே போகாம இருக்காங்க?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. விளம்பரம் வந்ததும் சொன்னார்: "போறதுக்கு ஒரு இடம் வேணும்ல, பாப்பா. எங்க தோட்டத்துல லயத்து வீடே கம்பெனியோடது. வேலையை விட்டா வீடும் போயிரும். புருஷன் எப்படி இருந்தாலும் அந்த வீட்டுலதான் இருக்கணும்."

என் மகளுக்கு அதுவரை தெரியாத ஒரு வரலாறு அது. மதுரையில் நடக்கும் ஒரு கதையை வைத்து, பேராக்கில் நடந்ததைப் பேச முடிந்தது. அடுத்த வீட்டு அக்காவுக்கோ 'பாக்கியலட்சுமி' அப்படி. வங்காளத் தொடரைத் தழுவி 2020-இல் வந்த கதை என்றாலும், வீட்டோடு இருந்த ஒரு பெண் சமையலை வைத்தே தொழில் தொடங்குவது அவருக்குச் சொந்தக் கதை. அவரும் வீட்டிலிருந்து நாசி லெமாக் பொட்டலமும் விருந்துச் சாப்பாடும் செய்து கொடுக்கிறவர். "அவ கடன் வாங்கும்போது எனக்கு வயிறு கலங்கும்" என்பார்.

சரி, இவ்வளவு நல்லது இருக்கும்போது எட்டு மணிக்கே அதைப் போட்டால் என்ன? பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்ப்பதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, சதி. சாப்பாட்டில் எதையாவது கலப்பது, ஒட்டுக் கேட்பது, தாலியைப் பறிப்பது, கர்ப்பத்தை மறைப்பது என்று ஒரு வாரத்தில் வரும் சம்பவங்களைப் பதினொரு வயதுப் பையன் தினமும் பார்த்தால், குடும்பம் என்பதே ஒருவரை ஒருவர் கவிழ்க்கும் இடம் என்று எண்ணிவிடுவான் என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. இரண்டாவது, கதை நகராமல் இருப்பது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தும் டிவியைப் பார்ப்பவர் ஒருவர் மட்டுமே.

இதற்கு வழியும் இருக்கிறது. சென்னையில் இரவு ஒன்பது என்றால் நமக்குப் பதினொன்றரை. இரண்டரை மணி நேர வித்தியாசம் இருக்கும்போது, அங்கே ஓடும் அதே நேரத்தில் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு ஏன்? சன் நெக்ஸ்ட் போன்ற செயலியில் மறுநாள் காலை பத்து மணிக்கு, பசியாறிவிட்டு, அம்மா நிம்மதியாகப் பார்க்கலாம். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பார்க்கும் சங்கடம் அவருக்கும் இல்லை. பெரியவர்களுக்கு ரிமோட்டில் செயலியைத் திறப்பது கடினமாக இருந்தால், முதல் வாரம் பக்கத்தில் இருந்து பழக்கிவிடுங்கள். படத்தைப் பார்த்து அழுத்தினால் போதும் என்று தெரிந்ததும் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது பழைய வாரத் தொடர். என் கருத்தில் இன்றைய பிள்ளைகளுக்கு நாம் காட்டத் தவறிவிட்ட செல்வம் இதுதான். தொண்ணூறுகளில், தினத்தொடர் எல்லாவற்றையும் விழுங்குவதற்கு முன், வாரம் ஒரு பாகம் வந்த தொடர்களில் கதைக்குத் தலையும் வாலும் இருந்தன. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'விடாது கருப்பு' ஒரு கிராமத்துக் காவல் தெய்வத்தைச் சுற்றி நடக்கும் கதை. குற்றம் செய்தவனைக் கருப்பு தண்டிக்கிறதா, மனிதர் யாராவது செய்கிறார்களா என்ற கேள்வி கடைசிவரை பிடித்து இழுக்கும். முடிச்சு எங்கே அவிழும் என்று தெரிந்தே எழுதியிருப்பதால், முதல் பாகத்தில் வரும் ஒரு சிறு விஷயம் கூட வீணாகாது.

இது நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கம். தோட்டத்துக்குத் தோட்டம் மரத்தடியில் முனீஸ்வரர் இருந்தவர் நாம். தோட்டங்கள் துண்டாகி வீடமைப்பு வந்த பிறகும், சாலையோரத்தில் சூலத்தோடு அந்தச் சிறு கோவில்கள் நிற்கின்றன. "சாமி நிஜமாவே குதிரையில வருமா?" என்ற கேள்வியை என் தலைமுறை கேட்டது, என் மகனும் கேட்கிறான். நம்பிக்கையைக் கேலி செய்யாமலும், கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளாமலும் அந்தக் கேள்வியைக் கையாண்ட தொடர் அது. அதில் நடித்த சேத்தன்தான் பிறகு 'மெட்டி ஒலி'யில் மாணிக்கமாக வந்தார். தேவதர்ஷினியும் அதில் நடித்தார். பின்னாளில் இருவரும் கணவன் மனைவி ஆனார்கள். சித்திக்கு இதைச் சொன்னபோது, மாணிக்கத்தின் மேல் அவருக்கு இருந்த கோபம் பாதி குறைந்தது.

குறைகளும் இருக்கின்றன. படம் மங்கலாக இருக்கும். ஒலி ஏறி இறங்கும். பெரிய திரையில் போட்டால் பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் முகம் சுளிப்பார்கள். வேகமும் இன்றைக்குப் பழகியதல்ல. அதனால் பள்ளி நாளில் களைத்திருக்கும்போது போடாதீர்கள். சனிக்கிழமை இரவு, இரண்டு பாகம் சேர்த்து, கொறிக்க ஏதாவது வைத்துக்கொண்டு பார்த்தால் எடுபடும். கொலை வருகிறது என்பதால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரியவர்கள் கூட இருக்க வேண்டும்.

இப்போது உள்ளூர் நாடகம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஏனென்றால் நம் வீடுகளில் இதைத்தான் பார்க்காமலே ஒதுக்குகிறார்கள். "நம்ம ஊரு நாடகமா? நடிக்கவே தெரியாது" என்று சேனலை மாற்றும் கை எத்தனை! ஆனால் அரசு நிலையமான ஆர்டிஎம்மின் இரண்டாம் அலைவரிசையிலும், ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் அலைவரிசைகளிலும் வருவதைக் கொஞ்ச நாள் பொறுமையாகப் பாருங்கள். மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எல்ஆர்டி ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்த நாளில் ஒரு வீடு அழுகிறது. பிடிபிடிஎன் கல்விக் கடனைக் கட்ட முடியாத பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். இது எதுவும் சென்னைத் தொடரில் வராது, வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. நம் பிள்ளைகள் பேசும் தமிழ், நடுவில் வரும் மலாய்ச் சொல்லோடும் 'லா'வோடும் அப்படியே திரையில் வருகிறது. என் மகள் கைப்பேசியைக் கீழே வைத்தது இங்கேதான். "இவங்க நம்மள மாதிரியே பேசுறாங்கம்மா" என்றாள். தன் பேச்சு திரைக்கு உரியது என்று ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தெரிய வருவது சின்ன விஷயமில்லை.

இன்னொரு நன்மை, இவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் முடிந்துவிடும். முடிந்ததும் எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது. அந்த அண்ணன் செய்தது சரியா, அம்மா முன்பே சொல்லியிருக்கலாமா என்று ஒரு தீர்ப்பு சொல்ல முடிகிறது. முடியாத கதைக்கு யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது.

குறைகளை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. குண்டர் கும்பல் கதை அளவுக்கு மீறி வருகிறது. நம் இளைஞர்கள் என்றாலே கத்தியும் சிறையும் என்று நாமே காட்டிக்கொண்டிருந்தால் எப்படி? சில நாடகங்களில் நடிகர்கள் பாதி வசனத்தைச் சென்னைத் தமிழிலும் பாதியை நம் தமிழிலும் பேசுகிறார்கள், காதுக்கு இடறுகிறது. பின்னணி இசை வசனத்தை மூழ்கடிக்கும். ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். இதில் பாதிக்குக் காரணம் பணம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.2 கோடி. மலேசிய இந்தியர்கள் எல்லோரையும் சேர்த்தாலே ஏறத்தாழ 20 லட்சம்தான். அந்தச் சந்தைக்கு வரும் விளம்பரப் பணம் எவ்வளவு, இந்தச் சந்தைக்கு வருவது எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால், இவர்கள் கைக்கு அடங்கிய செலவில் இவ்வளவு செய்வதே பெரிது என்று தோன்றும். ஆனால் கதைக்குப் பணம் வேண்டாம். குண்டர் கதையைக் குறைத்து ஒரு தாதியின் கதை, ஒரு லாரி ஓட்டுநரின் கதை, தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கதை எழுதலாம். அப்படி ஒன்று வந்தால் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தது என்று நிலையத்துக்கு எழுதுங்கள். நாம் பாராட்டாவிட்டால் அடுத்த முறை மறுபடியும் கத்திதான் வரும்.

கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கும் இதுவே முதல் தேர்வு. 2019-இல் பழைய ஒளிபரப்பு முறை முடிந்து இலக்கவியல் முறை வந்துவிட்டது. அதைப் பிடிக்கும் டிவியும் ஆன்டெனாவும், அல்லது மைடிவி பெட்டியும் இருந்தால் ஆர்டிஎம் இரண்டாம் அலைவரிசை மாதச் சந்தா இல்லாமல் தெளிவாக வரும். தவறவிட்டதை ஆர்டிஎம் கிளிக் செயலியில் தேடிப் பார்க்கலாம்.

செயலிக் குறுந்தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரம் சினிமாவுக்கு நிகர். 2022-இல் வந்த 'சுழல்' எட்டே பாகங்கள். எழுத்தும் படப்பிடிப்பும் நேர்த்தி, ஆனால் உள்ளடக்கம் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல. இவற்றில் பெரும்பாலானவை கொலை விசாரணைகள். பிள்ளைகள் தூங்கிய பிறகு கணவனும் மனைவியும் பார்க்கலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: 2023-இல் வந்த 'அயலி'. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், பெண் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் வழக்கம், மருத்துவராக வேண்டும் என்பதற்காக அதை மறைக்கும் தமிழ்ச்செல்வி. இதுவும் எட்டே பாகங்கள். பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் பாட்டி, அம்மா, மகள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டியது. அப்பாவும் மகனும் எழுந்து போகக்கூடாது. வயதுக்கு வருவதைப் பற்றி இவ்வளவு இயல்பாக வீட்டில் பேச எங்களுக்கு வேறு சந்தர்ப்பம் கிடைத்ததில்லை.

உங்கள் வீடு எங்கள் வீடு மாதிரி இல்லாமல் இருக்கலாம். பிள்ளைகள் வெளியூரில் படிக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் எட்டு மணிக்கே நெடுந்தொடரைப் போடுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஏழிலிருந்து பத்து வரை வரிசையாக ஐந்தாறு தொடர் வேண்டாம், ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள். மருமகளோ மருமகனோ தமிழ் தெரியாதவர் என்றால் மலாய் மொழிபெயர்ப்பு வரிகளோடு வரும் ஆர்டிஎம் நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்குங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் தமிழ் நாடகமே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் வீட்டில் பழைய தொடரைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். உள்ளூர் நாடகத்தில் அவர்கள் வயதுப் பாத்திரம் இருக்கும் ஒன்றைப் போடுங்கள், பழையது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நாங்கள் செய்தது இதுதான். ஒரு மாதம், யார் எந்த அலைவரிசையைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்தோம். யாருமே திறக்காத அலைவரிசைகளுக்காகப் பணம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. தமிழ் அலைவரிசைகளை வைத்துக்கொண்டு, பார்க்காததைக் கேட்டு நீக்கினோம். மிச்சப்பட்ட பணத்தில் அம்மாவின் தொடருக்கு ஒரு செயலிச் சந்தா. குறுந்தொடர்ச் செயலியை வருடம் முழுக்க வைத்திருக்கவில்லை. பள்ளி விடுமுறை மாதத்தில் மட்டும் எடுத்து, பார்க்க நினைத்ததைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிடுகிறோம்.